பேரிடர் புகைப்படங்களை ஜிக்சா புதிராக வாங்கி அடுக்குவது தவறா?

பழைய விபத்து, நிலநடுக்கப் புகைப்படங்களை ஜிக்சா புதிராக்கி விற்கிறார்களே, அதை வாங்கி அடுக்குவது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக நீங்கள் ஒன்றை மேஜையில் பரப்பியிருப்பீர்கள், வீட்டில் யாரோ முகம் சுளித்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது.

அடுக்குவது தவறில்லை. என்ன நடந்தது என்றே தெரிந்துகொள்ளாமல் அடுக்குவதுதான் தவறு. நான் அந்தத் தவறைச் செய்தேன்.

நான் வாங்கியது பாரிஸ் மோன்பர்னாஸ் ரயில் நிலையப் படம். பார்த்திருப்பீர்கள்: நிலையத்தின் முகப்புச் சுவரை உடைத்துக்கொண்டு வந்த நீராவி எஞ்சின், கீழே தெருவில் மூக்குக் குத்தி நிற்கும். ஆயிரம் துண்டுகள். பெட்டியில் பழைய ரயில் என்கிற மாதிரி ஒரு தலைப்பு இருந்தது, ஆண்டுகூடப் போடவில்லை. எஞ்சின் இரண்டே நாளில் சேர்ந்துவிட்டது. சுவர்தான் பாடாய்ப் படுத்தியது. எல்லாம் ஒரே சாம்பல் நிறம், துண்டின் வடிவத்தை வைத்தே தேட வேண்டும்.

அந்தச் சமயத்தில் அக்கா வந்தாள். அத்தான் ரயில் விபத்தில் போனவர். அவள் வருவது தெரிந்தும் மேஜையில் ஒரு துணியைப் போட்டு மூட எனக்குத் தோன்றவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம், "இதுல யாரு செத்தா?" என்று கேட்டாள்.

"யாரும் சாகலக்கா" என்றேன். பெட்டியில் ஒன்றும் போடாததால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். "சும்மா சொல்லாத" என்று உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரிதான் தேடிப் படித்தேன். 1895 அக்டோபர் 22. கிரான்வில்லிலிருந்து வந்த ரயில். தாமதத்தை ஈடுகட்ட ஓட்டுநர் வேகமாக உள்ளே கொண்டுவந்திருக்கிறார், பிரேக் நிறுத்தவில்லை. தடுப்பைத் தாண்டி, ஆட்கள் நடக்கும் தளத்தைக் கடந்து, சுவரையும் உடைத்து, சுமார் 10 மீட்டர் கீழே எஞ்சின் விழுந்தது. ரயிலில் இருந்தவர்கள் பிழைத்துவிட்டார்கள். கீழே தெருவில் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்த மரி ஒகுஸ்தின் அகிலார் என்ற பெண், பெயர்ந்து விழுந்த கல்லடியில் இறந்துபோனார். அது அவருடைய கணவரின் கடை. கணவர் மாலைப் பத்திரிகை எடுக்கப் போயிருந்த நேரத்தில் இவர் நின்றிருக்கிறார். இரண்டு குழந்தைகள். ஓட்டுநருக்கு 50 பிராங்க் அபராதம்.

நான் நாள் கணக்கில் தேடித் தேடிப் பொருத்திய சாம்பல் துண்டுகள் அந்தச் சுவர்தான்.

காலையில் அக்காவிடம் சொன்னேன். திட்டவில்லை. பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, பேனா எடுத்துப் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த சுவரை என்னோடு சேர்ந்து அடுக்கினாள். பாதி அவள் அடுக்கியதுதான்.

சாவை வைத்து விளையாட்டா என்று இங்கேயே சிலர் எழுதுவார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இதே படத்தை அதற்கு முன் எத்தனையோ தடவை பார்த்து வேடிக்கையான படம் என்று கடந்துபோயிருக்கிறேன். துண்டு துண்டாகப் பார்த்தால் அப்படிக் கடக்க முடியாது. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போது ஆர்னால்ட் கென்தே எடுத்த சாக்ரமெண்டோ தெருப் படத்தை இப்போது அடுக்குகிறேன். அவருடைய கேமராக்கள் பாழாகிவிட்டதால் கடைக்காரர் ஒருவரிடம் கேமரா இரவல் வாங்கிக்கொண்டு போய் எடுத்தது. தெருக்கோடியில் புகை மலைபோல் எழும்புகிறது. ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே சரிந்து கிடக்கிறது. ஓரத்தில் சிலர் நாற்காலி போட்டு உட்கார்ந்து தீயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாற்காலிகள் துண்டாகக் கைக்கு வந்த பிறகுதான் என் கண்ணில் பட்டன.

அதற்காக எல்லாப் படத்தையும் அடுக்குவேன் என்று சொல்லவில்லை. 1937இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்த படம் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். 36 பேர் இறந்த விபத்து அது. கேமரா சொடுக்கிய அந்த நொடியில் உள்ளே ஆட்கள் எரிந்துகொண்டிருக்கிறார்கள். மோன்பர்னாஸ் படம் எல்லாம் முடிந்த பிறகு எடுத்தது. இது என் கணக்கு, உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

சொல்லாமல் விட மனமில்லாத இன்னொன்று. என் பெட்டியில் ஒரு துண்டு குறைந்தது, எஞ்சின் சக்கரத்துக்கு மேலே. தயாரித்த கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டேன். தனித்துண்டு தரமாட்டோம், பெட்டியைத் திருப்பி அனுப்பினால் வேறு பெட்டி தருகிறோம் என்றார்கள். பணம் கொடுத்து வாங்கியவன் ஒரு துண்டு கேட்டால் தரக்கூடாதா? துண்டுகளை எண்ணிப் போடத் தெரியாதவர்களிடம் ஆண்டைப் போடு, இறந்தவர் பெயரைப் போடு என்று எப்படிக் கேட்பது?

பெட்டியை நான் அனுப்பவில்லை. மூடியில் அக்காவின் கையெழுத்து இருக்கிறது.

உங்களிடம் இருப்பது எந்தப் படம் என்று கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்த விபத்தாக இருந்தால் விவரம் சொல்கிறேன்.