கெய்ரோவில் இரண்டு நாள்தான் இருப்பேன். எந்த அருங்காட்சியகங்களைப் பார்ப்பது?

முதல் நாளைக் கீசாவுக்குக் கொடுத்துவிடுங்கள். 2025 நவம்பரில் முறைப்படி திறக்கப்பட்ட மாபெரும் எகிப்திய அருங்காட்சியகம் பிரமிடுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. துட்டன்காமுன் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கேதான். ஆனால் மறுநாளையும் ஃபாரோக்களுக்கே எழுதிவைக்காதீர்கள். எகிப்தின் கதை கிளியோபாட்ராவோடு முடிந்துவிட்டதாக நம்மில் பலருக்கும் ஓர் எண்ணம்.

இரண்டாம் நாள் காலை மெட்ரோவில் மார் கிர்கிஸ் நிலையத்தில் இறங்குங்கள். எதிரிலேயே ரோமானியர் கட்டிய பாபிலோன் கோட்டை. அதை ஒட்டி, மார்க்கஸ் சிமைக்கா 1908இல் தொடங்கிய காப்டிக் அருங்காட்சியகம். காப்டிக் என்றால் எகிப்தின் பழமையான கிறிஸ்தவ மரபு. கூட்டம் நெருக்காது, நின்று பார்க்கலாம். பழைய கடவுளரின் கையிலிருந்த ஆங்க் என்னும் உயிர்க்குறி, இங்கே கிறிஸ்தவக் கல்லறைக் கற்களில் சிலுவையாகியிருக்கிறது. குழந்தை இயேசுவுக்குப் பாலூட்டும் மரியாளின் சுவரோவியத்தைக் காட்டி, ‘இது ஐசிஸ்தான்’, அதாவது மகனுக்குப் பாலூட்டும் பழைய எகிப்தியத் தாய்த் தெய்வம்தான் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். ஆய்வாளர்களிடம் அவ்வளவு உறுதி இல்லை. 1945இல் தெற்கு எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே, ஜாடிக்குள் கிடைத்த பாப்பிரஸ் நூல்களும் இங்கேதான் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றின் காப்டிக் மொழி ஃபாரோக்கள் பேசிய மொழியின் கடைசி வடிவம், பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளில்.

மதியத்துக்கு மேல் பாப் அல்-கல்க் பகுதியிலுள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். 2014 ஜனவரியில் எதிரிலுள்ள காவல் தலைமையகத்தைக் குறிவைத்து வெடித்த கார் குண்டு இதையும் சிதைத்தது. சீரமைத்து 2017இல் மீண்டும் திறந்தார்கள். விளக்குகளும் கண்ணாடிப் பொருள்களும் அழகுதான். ஆனாலும் நான் வெகுநேரம் நின்றது எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய கலீஃபாக்களின் அரண்மனை மரப்பலகைகள் முன்னால். வேட்டைக்காரர்கள், இசைக் கலைஞர்கள், நடனமாடும் பெண்கள் என்று பலகை முழுவதும் மனித உருவங்கள்! இஸ்லாமியக் கலையில் மனிதர்களே இருக்கமாட்டார்கள் என்று நினைப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். பின்னாளில் அந்த இடத்தில் சுல்தான் கலாவுன் மருத்துவமனை கட்டியபோது, செதுக்கிய பக்கத்தை உள்ளே திருப்பி இந்தப் பலகைகளை மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். அதனாலேயே பிழைத்தனவோ என்னவோ.

அரச மம்மிகளைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், காப்டிக் அருங்காட்சியகத்துக்குத் தொலைவில்லாத ஃபுஸ்தாத்தின் தேசிய நாகரிக அருங்காட்சியகம். 2021 ஏப்ரலில் 22 மம்மிகளை அங்கேதான் ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். தஹ்ரீர் சதுக்கத்தின் 1902ஆம் ஆண்டுக் கட்டடமான பழைய எகிப்திய அருங்காட்சியகம் எனக்கு மிகவும் பிடித்த இடம். இருந்தும் உங்கள் இரண்டு நாள் கணக்கில் அதைத்தான் விடச் சொல்வேன்.