பதாத் வயல்களில் அறுவடைக் காலம்

கேள்வி: பிலிப்பைன்ஸ் மலைகளிலுள்ள அடுக்கு நெல்வயல்களை அறுவடையின்போது காண விரும்புகிறேன். எந்த ஊருக்கு, எப்போது செல்லலாம்?

பதில்: இஃபுகாவ் மாகாணத்திலுள்ள பதாத் சிற்றூருக்குச் செல்லுங்கள். 1995-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற ஐந்து வயல்தொகுதிகளுள் அதுவும் ஒன்று. பலரும் படமெடுத்துத் திரும்பிவிடும் பனாவே காட்சிமுனை அப்பட்டியலில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. மரபு நெல் பதாத்தில் ஆண்டுக்கு ஒரு போகமே விளைவதால், ஜூன் பிற்பகுதியையும் ஜூலையையும் தவறவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும்.

அது மழைக்காலம் என்பதால் காலையிலேயே நடையைத் தொடங்கிவிடுங்கள். பாதை என்பது பெரும்பாலும் கல்சுவரின் மேல்விளிம்புதான். ஒருபுறம் சேறு, மறுபுறம் ஆளுயரத்துக்கும் மேலான பள்ளம். சிறு கத்தியால் கதிர்களை மட்டும் கொய்து, கைப்பிடி அளவாகக் கட்டி, அக்கட்டுகளைச் சுமந்துகொண்டு எதிரே வருவோருக்கு வயல்பக்கமாக ஒதுங்கி வழிவிடுங்கள். அவர்களை வரப்பில் நிறுத்திப் படமெடுப்பதை நான் அறவே விரும்பவில்லை. உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது பாதுகாப்பானது, அவ்வூருக்கும் வருமானம்.