இடது கை தடவுனா எந்த மூளைக்குப் போகும்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கண்ண மூடிக்கிட்டு பொருள தடவியே என்னன்னு சொல்ற விளையாட்டுல எனக்கு இடது கைதான் சட்டுனு கண்டுபிடிக்குது. எழுதுறதெல்லாம் வலது கைதான். அப்ப நான் 'வலது மூளை' ஆளா?

பதில்: நீங்க கவனிச்சது நெசம்தாங்க, ஆனா அதுக்கு வச்ச பேருதான் தப்பு. விரல்ல பட்ட தொடு உணர்வு தண்டுவடம் வழியா ஏறி, மூளையோட அடியில இருக்கிற முகுளத்துக்கிட்ட பக்கம் மாறிடும், அதனால இடது கை தடவுனது மொதல்ல வலது அரைக்கோளத்துக்குத்தான், அதாவது மூளையோட வலது பாதிக்குத்தான் போகுது, அந்தப் பக்கம் உருவம், இடம், திசை மாதிரி விஷயத்துல கொஞ்சம் கெட்டி. பேச்சு பெரும்பாலும் இடது பக்கம். ரெண்டையும் இணைக்கிற கார்ப்பஸ் கலோசத்துல சுமார் 20 கோடி நரம்பு இழை இருக்கு, தகவல் கண் இமைக்கிறதுக்குள்ள அடுத்த பக்கம் போயிடும், அதனாலதான் அன்றாட வேலையில இந்த வித்தியாசம் நமக்குத் தெரியுறதே இல்ல.

வலிப்பு நோய்க்காக ஆபரேஷன்ல அந்த இணைப்பு வெட்டப்பட்ட நோயாளிங்ககிட்ட இது பளிச்சுனு தெரிஞ்சுது. மூளை ஆராய்ச்சியாளர் ரோஜர் ஸ்பெர்ரியோட குழு பண்ண சோதனை, 1981ல அவருக்கு நோபல் பரிசு கெடச்சது இந்த வேலைக்குத்தான். திரைக்குப் பின்னாடி இடது கையில ஒரு பொருள குடுத்தா அவங்களால பேரு சொல்ல முடியாது, ஆனா பல பொருளுக்கு நடுவுல கலந்து வச்சா அதே இடது கை தடவிப் பாத்து சரியா எடுத்துடும். தெரியும், ஆனா சொல்ல வராது! எனக்கு இத எத்தன தடவ படிச்சாலும் மலைப்பாத்தான் இருக்கு.

1976ல சாண்ட்ரா விட்டெல்சன்ங்கிற மூளை ஆராய்ச்சியாளர் 6ல இருந்து 13 வயசு வரைக்கும் உள்ள 200 பிள்ளைங்கள சோதிச்சாங்க. கண்ணுக்குத் தெரியாம ரெண்டு கையிலயும் ஒரே நேரத்துல வேற வேற வடிவம், தடவிப் பாக்க 10 விநாடி, அப்புறம் படத்துல அத அடையாளம் காட்டணும். பையன்களுக்கு 6 வயசுலயே இடது கை முந்துச்சு, பொண்ணுங்களுக்கு ரெண்டு கையும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்துச்சு. பின்னாடி மத்தவங்க செஞ்சப்ப எல்லா இடத்துலயும் இதே முடிவு வரல, அதையும் சேத்துதான் சொல்லணும்.

'வலது மூளை ஆள்' விஷயத்துக்கு வர்றேன். 2013ல அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துல ஆயிரம் பேருக்கு மேல மூளை ஸ்கேன வச்சு பாத்தாங்க, முழுசா ஒரு பக்கத்த மட்டும் அதிகமா ஓட்டுற ஆளுன்னு ஒரு வகையே தென்படல. வேலைக்கு வேலை ஒரு பக்கம் முந்தும், அவ்ளோதான்.

கேள்வி: மேப் பாக்குறது, வடிவத்த மனசுல திருப்பிப் பாக்குறதெல்லாம் பொண்ணுங்களுக்கு வராதுன்னு எங்க வீட்ல சொல்றாங்க, என் மகளும் நம்பிட்டா.

பதில்: தயவு செஞ்சு அவ காதுல விழுற மாதிரி அத இனிமே யாரும் பேசாம பாத்துக்குங்க. மனசுல திருப்புற டெஸ்ட்ல சராசரியா ஆம்பளைங்களுக்கு மார்க் கூட வர்றது உண்மைதான், ஆனா சராசரிய வச்சு ஒரு பொண்ணு எப்படி செய்வான்னு சொல்லவே முடியாது, எத்தனையோ பொண்ணுங்க எத்தனையோ பையன்கள விட நல்லா செய்றாங்க. அதோட இது பழகப் பழக வர்ற திறமை. 2013ல 217 ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்து, பயிற்சி குடுத்தா ஏறுது, ஏறுனது நிக்குதுன்னு சொல்லியிருக்காங்க. பிளாக்ஸ் அடுக்க விடுங்க, காகிதம் மடிக்க விடுங்க, மேப்ப அவ கையிலயே குடுத்து வழி சொல்லச் சொல்லுங்க.

தொடு உணர்வுல பாத்தா சராசரியா பொண்ணுங்கதான் முன்னாடி! 2009ல வந்த ஆய்வுப்படி காரணம் விரல் நுனியோட அளவு, சின்ன விரலா இருந்தா நுணுக்கமான வரிக்கோடு கூட தெரியும், அதே அளவு விரல் இருக்கிற ஆணுக்கும் அதே நுணுக்கம் உண்டு.

கேள்வி: பார்வை இல்லாதவங்க பிரெயில் படிக்கும்போது மூளையில எந்தப் பகுதி வேலை செய்யுது?

பதில்: தொடு உணர்வுப் பகுதி மட்டும் இல்லீங்க. சின்ன வயசுலயே பார்வை போனவங்களுக்கு மூளையோட பின்பக்கத்துல பார்வைக்கான பகுதியும் சேந்து வேலை செய்யுதுன்னு 1996லயே காட்டிட்டாங்க. எந்தக் கை நல்லதுங்கிறதுல ஆய்வுகள் ஒத்துப்போகல, நல்லா பழகுனவங்க நெறைய பேர் ரெண்டு கையாலயும்தான் படிக்கிறாங்க.