இதழியல் படிக்க விரும்பும் மகள்: தஞ்சை மாவட்டத் தந்தை ஒருவருக்கு மறுமொழி

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். வணிகவியல் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கும் மகள் பி.காம். சேர மறுத்து, இதழியலும் வெகுசனத் தொடர்பியலும் படிக்கப் போவதாக உறுதியாக நிற்கிறார் என்றும், அது என்ன படிப்பு என்றே உங்களுக்கு விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நடுவே ஒரு மனத்தாங்கலையும் சொல்லியிருக்கிறீர்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுவதாக வந்த காணொளியை உறவினர் குழுவில் நீங்கள் போட்டபோது, "இது எந்த ஊரில், எப்போது எடுத்தது அப்பா?" என்று எல்லோருக்கும் தெரியும்படி கேட்டு, அதை அழிக்க வைத்துவிட்டார் என்பது அது. உங்களுக்கு வருத்தம் வந்தது இயல்பே. ஆனால் அவருக்கு இந்தப் படிப்பு பொருந்துமா என்று முடிவுசெய்ய எனக்குக் கிடைத்த நல்ல சான்று மதிப்பெண் பட்டியல் அன்று. அந்த ஒரு கேள்விதான்.

அக்கேள்விக்கு என்ன கனம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018 மே மாதம் சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வண்டியை நிறுத்தியது. வழியில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த அவர்களைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று கருதி ஊரார் தாக்கியதில், வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். அதற்கு முன்பு பல நாட்களாக அப்பகுதி மக்களின் கைப்பேசிகளில் உங்களுக்கு வந்ததைப் போன்ற செய்திகள்தான் சுற்றிக்கொண்டிருந்தன. நாட்டின் பல இடங்களில் இப்படி உயிர்கள் போன பிறகுதான், 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. ஊடகத்தில் வரும் ஒன்றை யார் உருவாக்கினார்கள், எதற்காக, என்ன ஆதாரத்தோடு என்று கேட்டுப் பார்க்கும் பயிற்சியை ஊடகக் கல்வியறிவு என்கிறோம். உங்கள் மகளுக்கு அது யாரும் கற்பிக்காமலே ஓரளவு வந்திருக்கிறது.

இனி, தொடர்பியல் என்றால் என்ன என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் தஞ்சைப் பக்கத்து விவசாயி என்பதால் எடுத்துக்காட்டுக்கு நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1960களில் ஆடுதுறை 27 என்ற குறுவை நெல் வந்ததையும், அதை ஊர்களில் 'ரேடியோ நெல்' என்று அழைத்ததையும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஜப்பானிய நெல்லினத்தையும் நம் நாட்டு நெல்லையும் இணைத்து உருவாக்கிய அந்த ரகத்தைப் பற்றி விவசாயிகள் வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் வழியே அறிந்ததால் நெல்லுக்கே அப்பெயர் நின்றுவிட்டது. விதை, ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது; ஆனால் அது வயலுக்கு வந்து சேரத் தொடர்பு என்ற ஒன்று தேவைப்பட்டது. அந்த வேலையைப் படிப்பதுதான் தொடர்பியல்.

ஹெரால்டு லாஸ்வெல் என்ற அமெரிக்க அறிஞர் 1948-இல் இத்துறைக்கு ஒரு வாய்பாடு தந்தார்: யார் சொல்கிறார், என்ன சொல்கிறார், எந்த வழியில் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், அதனால் என்ன விளைகிறது. முதலாண்டு மாணவர் எவரும் இதைத்தான் முதலில் படிப்பார். ரேடியோ நெல்லுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வேளாண் அலுவலர் சொன்னார், புதிய ரகத்தைப் பற்றிச் சொன்னார், வானொலி வழியே சொன்னார், எழுதப் படிக்கத் தெரியாதவர் உட்பட எல்லா உழவருக்கும் சொன்னார், குறுவைச் சாகுபடியில் மாற்றம் வந்தது. 'யாருக்கு' என்ற அந்தக் கேள்வியை நம்மவர்கள் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் கருத்து. சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கி, எளிய மக்கள் எழுத்துக்கூட்டியேனும் படிக்கக்கூடிய தமிழில் செய்தியைக் கொடுத்தது அக்கேள்விக்குச் சரியான விடை கண்டதால்தான்.

வானொலியில் கேட்ட அன்றே எல்லோரும் விதை வாங்க ஓடிவிடுவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஊரில் நாலு பேர் மதிக்கும் ஒருவர் முதலில் நட்டுப் பார்ப்பார், மற்றவர்கள் அவரைக் கேட்டு முடிவெடுப்பார்கள். 1940-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தில் நடந்த ஆய்விலிருந்து சமூகவியல் அறிஞர் பால் லாசர்ஸ்பெல்டும் அவருடன் பணியாற்றியவர்களும் இக்கருத்துக்கே வந்து சேர்ந்தார்கள். செய்தி ஊடகத்திலிருந்து இப்படிப்பட்ட ஒருவருக்கும், அவரிடமிருந்து மற்றவர்களுக்கும் என இரண்டு படிகளில் போவதால் இதனை இருபடி ஓட்டம் என்பார்கள். உங்கள் உறவினர் குழுவில் மதிப்புக்குரியவர் நீங்கள். ஆகவே நீங்கள் போடும் காணொளியை மற்றவர்கள் கேள்வியின்றி நம்புவார்கள், மகள் அதனால்தான் பதறியிருப்பார்.

இன்னும் இரண்டு கருத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நாளிதழுக்கு வந்து குவியும் செய்திகளில் எது உள்ளே போக வேண்டும் என்று தீர்மானிப்பவரை வாயிற்காப்பாளர் என்பது வழக்கம்; 1950-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறு நகரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் செய்தி நிறுவனங்கள் அனுப்பியவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை ஒதுக்கியது தெரியவந்தது. இன்று அந்த வாயிலில் கணினி நிரல்களும் நாமும் நிற்கிறோம். மற்றொன்று, 1968 அமெரிக்க அதிபர் தேர்தலை வைத்து மெக்கோம்ப்ஸ், ஷா என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆராய்ந்து 1972-இல் வெளியிட்டது. எதை முக்கியமானதாக மக்கள் எண்ணுகிறார்கள் என்பது, எதை ஊடகங்கள் பெரிதாக, திரும்பத் திரும்பத் தருகின்றன என்பதோடு நெருக்கமாக ஒத்துப்போவதை அவர்கள் காட்டினார்கள். கேமராவும் மென்பொருளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடும். இக்கருத்துகளைக் கற்றவர் எந்தக் கருவியிலும் வேலை செய்வார். கருவியை மட்டும் கற்றவர் அது பழையதாகும்போது தடுமாறுகிறார். சேர்க்கையின்போது ஸ்டுடியோவை மட்டும் காட்டும் கல்லூரிகளை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம்.

வேலை குறித்து ஒளிக்காமல் சொல்கிறேன். செய்தித்துறையில் தொடக்கச் சம்பளம் குறைவு, நேரம் ஒழுங்கில்லாதது, விடுமுறை நாளிலும் பணி இருக்கும். இரவுப் பணி பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது; பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் அலுவலகத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பதை மகள் அறிந்திருக்கட்டும், வேலையில் சேருமுன் அதையும் வீடு திரும்பும் வாகன வசதியையும் கேட்கத் தயங்க வேண்டாம். ஆனால் இப்படிப்பு நிருபர் வேலையோடு முடிவதில்லை. விளம்பரம், மருத்துவமனைகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் விழிப்புணர்வுப் பணி, உண்மை சரிபார்ப்பு, அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை எனப் பல வாயில்கள் உண்டு. எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதக்கூடிய குடிமைப் பணித் தேர்வின் வழியே மத்திய அரசின் செய்தித் தொடர்பைக் கவனிக்கும் இந்தியத் தகவல் பணிக்கும் போகலாம்.

நீங்கள் எண்ணிப் பார்க்காத ஒரு வழியும் இருக்கிறது. பி.காம். அல்லது பொருளாதாரம் படித்துவிட்டு, பிறகு டெல்லியில் உள்ள இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்திலோ சென்னையில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரியிலோ முதுநிலைப் பயிற்சி பெறுவது. வரவு செலவுத் திட்டத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் செய்தியாளருக்கு எப்போதும் மதிப்பு உண்டு. ஆகவே இது உங்கள் விருப்பத்துக்கு அவரை வளைக்கும் தந்திரமாக அல்லாமல், உண்மையாகவே அவருக்கு உதவும் வழியாக இருக்கும். எனினும் இளநிலையிலேயே இதழியல் வேண்டும் என்று அவர் நின்றால் தடுக்காதீர்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது மாணவர்களே நடத்தும் பயிற்சி இதழ் மாதந்தோறும் வருகிறதா, ஊடகச் சட்டத்தைப் பாடமாக வைத்திருக்கிறார்களா, செய்தி அறையில் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 முதல் ஒலிபரப்பாகும் அண்ணா எஃப்.எம். போன்ற சமுதாய வானொலி இருந்தால் இன்னும் நல்லது.

விண்ணப்பிக்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன அல்லவா? அதற்குள் மகளை ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஒரே செய்தியை இரண்டு நாளிதழ்களில் படித்து, முதல் பத்தியில் யார் எதை முன்வைத்தார், யாருடைய பேச்சு விடுபட்டது என்று ஒரு நோட்டில் நாள்தோறும் பத்து வரி எழுதட்டும். வாரம் ஒருமுறை உங்கள் குழுவில் வந்த ஏதேனும் ஒரு காணொளி எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் பார்க்கட்டும், அப்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். மூன்று வாரம் கழித்தும் சலிக்காமல் எழுதுகிறாரென்றால் அந்த நோட்டை எனக்கு அனுப்பி வையுங்கள். படித்துவிட்டு, எந்தக் கல்லூரி என்பதை அவரிடமே பேசி முடிவு செய்யலாம்.