பார்வை இல்லாதவர்கள் மேப் செயலியை நம்பித் தனியாகப் போய்வர முடியுமா?

விழித்திரைப் பாதிப்பால் தம்பிக்குப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது, மேப்பை வைத்துக்கொண்டு அவர் தனியாகக் கல்லூரிக்குப் போய்வரலாமா, எந்தச் செயலி நல்லது என்று ஓர் அக்கா கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் போகலாம். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. சென்னைக்குள் எங்கே போனாலும் தனியாகத்தான் போகிறேன்.

செயலிக்கு வருவதற்கு முன் ஒரு கேள்வி. தம்பி வெண்கோல் பிடித்து நடக்க முறையாகப் பழகிவிட்டாரா? இல்லையென்றால் அதை முதலில் பாருங்கள். கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கும்போதே பழகுவது நல்லது. மூடி இல்லாத சாக்கடை, பிளாட்பாரத்தில் குறுக்கே ஸ்டாண்ட் போட்ட பைக், நேற்று ராத்திரி வெட்டிய பள்ளம், இதெல்லாம் எந்த மேப்புக்கும் தெரியாது. ஸ்டிக்குக்குத்தான் தெரியும். காலை எங்கே வைப்பது என்பதை ஸ்டிக் பார்த்துக்கொள்ளும். நான் ஊரில் எந்த இடத்தில் இருக்கிறேன் என்பதைப் போன் சொல்லும். இந்த இரண்டு வேலையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

மேப் எனக்கு அதிகமாக உதவுவது நடக்கும்போது அல்ல, பஸ்ஸில். முன்பெல்லாம் ஏறியதுமே கண்டக்டரிடம் "லஸ் வந்தா சொல்லுங்கண்ணே" என்று சொல்லி வைக்க வேண்டும். கூட்டத்தில் அவர் மறந்துவிடுவாரோ என்ற பதைப்பிலேயே வழி முழுக்கப் போகும். இப்போது உட்கார்ந்ததும் இறங்க வேண்டிய இடத்துக்குக் கார் வழியைப் போட்டுவிடுகிறேன். மீதி எத்தனை கிலோமீட்டர் என்பது திரையின் அடியில் இருக்கும். விரலை அங்கே வைத்தால், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக் வசதி படித்துச் சொல்லும். 29சி-யில் பெசன்ட் நகர் பக்கம் போகும்போது மந்தைவெளி தாண்டி, பாலத்தில் ஏறியதும் ஆற்றுக்காற்று ஜன்னல் வழியாக முகத்தில் அடிக்கும். போன் சொல்கிற தூரமும் அந்தக் காற்றும் ஒத்துப்போனால் அடையாறு வரப்போகிறது என்று எழுந்துவிடலாம். மெட்ரோ வேலைக்காகப் பஸ்ஸை வேறு தெருவில் திருப்பிவிட்டாலும், திரும்பிய உடனே எனக்கும் தெரிந்துவிடுகிறது. பஸ் எப்போது வரும் என்று பார்க்க 2022இல் வந்த சென்னை பஸ் செயலி இருக்கிறது. வந்து நிற்கிற நாலு பஸ்ஸில் 29சி எது என்று மட்டும் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நடக்கும்போது விஷயம் வேறு. திறந்தவெளியில் போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வட்டத்துக்குள் நம் இடத்தைச் சொல்லும். காரில் போகிறவருக்கு 5 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. நம் தெருக்களில் 5 மீட்டர் என்றால் எதிர்ச்சாரி. உயரமான கட்டடங்களுக்கு நடுவில் செயற்கைக்கோள் அலை சுவரில் பட்டுத் தெறித்து வருவதால் இன்னும் தள்ளிக் காட்டும். சுரங்கப்பாதையில் சுத்தமாகக் கிடைக்காது. புதிதாகப் போன் வாங்குவதாக இருந்தால் எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் பிடிக்கிற மாடலா என்று பார்த்து வாங்குங்கள். 2018இல் ஷாவ்மியின் மி 8 போனில்தான் இது முதலில் வந்தது. இன்று பல போன்களில் இருக்கிறது. தெறித்து வரும் அலையால் ஏற்படும் பிழை இதில் கணிசமாகக் குறையும்.

இன்னொன்றும் தம்பிக்குச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஜிபிஎஸ்ஸுக்கு நாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது தெரியாது. போனில் உள்ள திசைகாட்டியை வைத்துத்தான் அது ஊகிக்கும். பக்கத்தில் இரும்புக் கம்பமோ பஸ்ஸோ இருந்தால் அந்த ஊகமும் பிசகும். "வடக்கே செல்லவும்" என்று சொன்னதும் பார்வை உள்ளவர் நீலப் புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்வார். நாம் ஆபத்தில்லாத ஓரமாகப் பத்தடி நடந்து பார்த்து, தூரம் குறைகிறதா கூடுகிறதா என்று கேட்க வேண்டும். கூடினால் திரும்பி நடந்தால் சரி.

கூகுள் மேப்பில் நடைவழிக்கு என்று விரிவான குரல் வழிகாட்டல் இருக்கிறது. 2019 அக்டோபரில், உலகப் பார்வை தினத்தன்று, முதலில் அமெரிக்க ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும் வெளியிட்டார்கள். கூகுளின் டோக்கியோ அலுவலகத்தில் வேலை பார்க்கும், பார்வையற்றவரான வாகனா சுகியாமா அதற்காக உழைத்தவர்களில் ஒருவர். அடுத்த திருப்பம் எவ்வளவு தூரம், பெரிய சாலையைக் கடக்கப் போகிறோமா, சரியான வழியில்தான் போகிறோமா என்று அது சொல்லிக்கொண்டே வரும். நம்மில் ஒருவர் உள்ளே இருந்து சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். அமைப்புகளில் அது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இயக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சிலியில் உருவான லசாரில்யோ என்ற இலவசச் செயலியையும் போட்டு வையுங்கள். வழி கேட்காமலே, நடக்க நடக்க அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வரும். மருந்துக்கடை, வங்கி, குறுக்குத் தெரு என்று ஒவ்வொன்றாகக் காதில் விழும்போது, வருடக்கணக்காக நடந்த தெருவில் இவ்வளவு இருந்ததா என்று தோன்றும். மைக்ரோசாஃப்டின் சவுண்ட்ஸ்கேப்பும் இதே வகைதான். போகும் இடம் இருக்கும் திசையிலிருந்தே காதில் ஒலி வரும். 2018இல் ஐபோனுக்கு வந்தது, 2023இல் நிறுத்திவிட்டார்கள். நல்லவேளை, நிரலை எல்லோருக்கும் திறந்து விட்டதால் வாய்ஸ்விஸ்டா போன்றவை அதே வேலையைத் தொடர்கின்றன.

எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் தருவது கடைசி இருபது மீட்டர். "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்று போன் சொல்லும் இடத்தில் பின்பக்கக் காம்பவுண்டு சுவர் இருக்கும். கட்டடத்தின் நடுவில் குறி வைத்திருப்பார்கள். கேட் எந்தத் தெருவில் என்பது பல இடங்களில் மேப்பில் இருக்காது. பார்வை உள்ளவருக்கு அங்கே வேலை முடிந்துவிடும், நமக்கு அங்கேதான் ஆரம்பிக்கும். இதற்கு நான் செய்வது: முதல் தடவை யாருடனாவது போய், கேட்டுக்கு நேரே நின்று அந்த இடத்தைச் சேமித்து "காலேஜ் மெயின் கேட்" என்று பெயர் வைத்துவிடுவேன். அடுத்த முறை கட்டடத்தின் பெயரைத் தேட மாட்டேன், என் கேட்டைத்தான் தேடுவேன். தம்பிக்கு இந்த வேலையை நீங்களே செய்து கொடுக்கலாம். கேட், பஸ் ஸ்டாப்பிங், சாலையைக் கடக்கச் சிக்னல் உள்ள இடம், இந்த மூன்றும் போதும்.

அப்புறமும் தடுமாறினால் பி மை ஐஸ் என்ற செயலி இருக்கிறது. 2015இல் டென்மார்க்கில் தொடங்கியது. வீடியோ அழைப்பில் ஒரு தன்னார்வலர் நம் கேமரா வழியாகப் பார்த்து "இடது பக்கம் நீலக் கேட்" என்று சொல்லிவிடுவார். அதையும் சாலை கடக்க நம்பக் கூடாது. மெட்ரோ நிலையத்துக்குள் ஜிபிஎஸ் உதவாது. அங்கே தரையில் பதித்த புடைப்பு ஓடுகளைப் பிடித்துப் போக வேண்டியதுதான். 1967இல் ஜப்பானின் ஒகயாமாவில் செய்இச்சி மியாகே பதித்த அந்த ஓடு இன்றும் நம் காலுக்கு வழி சொல்கிறது.

மேப் வந்துவிட்டதால் யாரையும் கேட்க வேண்டாம் என்று நினைக்காதீர்கள். நான் இப்போதும் கேட்கிறேன், கேள்வி மட்டும் மாறியிருக்கிறது. "காலேஜுக்கு எப்படிப் போகணும்" என்று கேட்டால் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிடப் பார்ப்பார்கள். "இது மருந்துக்கடை முனைதானேண்ணே, கேட் இன்னும் முன்னாடியா?" என்று கேட்டால் "ஆமா, பத்தடி" என்று பதில் வரும், நானும் போய்க்கொண்டே இருப்பேன். ஆட்டோக்காரர் போன் செய்து "எங்க நிக்கிறீங்க" என்றால், எதிரில் இருக்கும் கடையின் பெயரை என்னாலும் சொல்ல முடிகிறது.

சாலையில் இரண்டு காதையும் அடைக்கவே கூடாது. எலும்பு வழியாக ஒலி கடத்தும் இயர்போன் நல்லது. இல்லையென்றால் சாலைக்கு எதிர்ப்புறக் காதில் மட்டும் ஒன்று. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சத்தமே இல்லாமல் வருகிறது. போன் சட்டைப் பையில் இருக்கட்டும், கையில் வேண்டாம்.

கடைசியாக உங்களுக்கு, அக்கா. லைவ் லொக்கேஷன் பகிர்வது நல்ல ஏற்பாடு, ஆனால் தம்பியே விரும்பிப் பகிரட்டும். அவருக்குத் தெரியாமல் போனில் எதையும் போட்டுக் கண்காணிக்க வேண்டாம். முதல் நாள் நீங்களும் அதே பஸ்ஸில் போங்கள், வேறு சீட்டில் உட்காருங்கள். ஸ்டாப்பிங் வரும்போது "வந்துடுச்சு" என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தாலும் பரவாயில்லை, அந்த வழியையும் அவரே கண்டுபிடிக்கட்டும்.