இசை நாடகம் திரைக்கு வரும்போது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மேடையில் வெற்றி பெற்ற இசை நாடகங்கள் படமாவதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள். பெரும்பாலும் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யை வைத்தே பதில் சொல்கிறேன். 1957-ல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் மேடையேறிய நாடகம். 1961-ல் ஒரு படமாக வந்தது, 2021-ல் இன்னொரு படமாக வந்தது. அதே பாட்டுகளை மேடையிலும் இரண்டு திரையிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: நாடகத்தில் நன்றாக ஓடிய பாட்டு வரிசையைப் படத்தில் ஏன் மாற்றுகிறார்கள்?

பதில்: மேடையில் இடைவேளை இருக்கிறது. அதுதான் முக்கியமான காரணம். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நியூயார்க்கில் ஜெட்ஸ், ஷார்க்ஸ் என்று இரண்டு இளைஞர் கும்பல்கள். ஜெட்ஸ் பக்கத்து டோனிக்கும் ஷார்க்ஸ் தலைவன் பெர்னார்டோவின் தங்கை மரியாவுக்கும் காதல். நாடகத்தின் முதல் பாதி கத்திச் சண்டையில் முடிகிறது. மேடையில் இரண்டு கும்பல் தலைவர்களின் உடல்களும் கிடக்கின்றன, திரை விழுகிறது. இடைவேளை முடிந்து திரை ஏறினால், மரியா 'ஐ ஃபீல் ப்ரிட்டி' பாடிக் குதூகலிக்கிறாள். அண்ணன் செத்தது அவளுக்குத் தெரியாது, கொன்றது டோனிதான் என்பதும் தெரியாது. நமக்குத் தெரியும். வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு வந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சைப் பிசையும்.

1961 படத்தில் இந்தப் பாட்டைச் சண்டைக்கு முன்னால் கொண்டுபோய்விட்டார்கள். மேடையில் சண்டைக்குப் பிறகு வந்த கேலிப் பாட்டான 'ஆபீசர் க்ரப்கி'யும் முன்னால் போனது. சண்டைக்கு முன்னால் இருந்த 'கூல்' பின்னால் வந்தது. ரத்தம் சிந்திய பிறகு யாரும் சிரிக்கக் கூடாது, இறுக்கம் ஏறிக்கொண்டே போகவேண்டும் என்பது கணக்கு. 'கூல்' விஷயத்தில் அது அபாரமாகப் பலித்தது. தாழ்ந்த கூரை போட்ட கராஜ், கார் விளக்கு வெளிச்சம், தலைவனை இழந்த ஜெட்ஸ் பையன்கள் ஆத்திரத்தை அடக்க முடியாமல் ஆடுகிறார்கள். அந்தப் பாட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்பேன்.

ஆனால் 'ஐ ஃபீல் ப்ரிட்டி'யின் வலி 1961-ல் போய்விட்டது, அங்கே அது வெறும் சந்தோஷப் பாட்டு. இயக்கிய ஸ்பீல்பெர்க்கும் திரைக்கதை எழுதிய டோனி குஷ்னரும் 2021-ல் அதைத் திரும்பவும் சண்டைக்குப் பின்னால் வைத்தார்கள். பெரிய துணிக்கடையில் ராத்திரி துப்புரவு வேலை செய்யும் பெண்ணாக மரியா, விலையுயர்ந்த உடை போட்ட பொம்மைகளுக்கு நடுவே பாடுகிறாள். இடைவேளை இல்லாமலே அந்த வலி திரும்பி வந்தது.

கேள்வி: மேடையில் நடனம் இயல்பாகத் தெரிகிறது. நிஜத் தெருவில் ஒருவன் திடீரென்று ஆடினால் ஒட்டவில்லையே?

பதில்: நியாயமான சங்கடம்தான். 1961 படத்தின் முதல் பத்து நிமிடத்தைப் பாருங்கள். கேமரா வானத்திலிருந்து மன்ஹாட்டனை நேர் கீழே பார்த்துக்கொண்டே போய் ஒரு விளையாட்டு மைதானத்தில் இறங்குகிறது. பையன்கள் விரலைச் சொடுக்குகிறார்கள். அப்புறம் நடக்கிறார்கள். நடையில் ஒரே ஒரு அடி நீள்கிறது, ஒரு கை விரிகிறது, திரும்பவும் சாதாரண நடை. எப்போது நடனம் ஆரம்பித்தது என்று நம்மால் சொல்ல முடியாது. லிங்கன் சென்டர் என்ற கலையரங்க வளாகம் கட்டுவதற்காக இடிக்கவிருந்த தெருக்களில் எடுத்தார்கள். நடனம் அமைத்த ஜெரோம் ராபின்ஸ் திருப்தி வரும்வரை திரும்பத் திரும்ப எடுத்ததில் நாளும் செலவும் எகிறி, பாதியில் அவரை நீக்கினார்கள். ஆனால் இயக்குநருக்கான ஆஸ்கர் ராபர்ட் வைஸோடு அவருக்கும் சேர்ந்தே கிடைத்தது.

இன்னொரு வழி இயக்குநர் பாப் ஃபாஸி 1972-ல், பெர்லின் இரவு கிளப் ஒன்றைச் சுற்றி நடக்கும் 'கேபரே'யில் செய்தது. நாடகத்தில் பாத்திரங்கள் வீட்டிலும் அறையிலும் பாடிய பாட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டார். படத்தில் கிளப் மேடையில்தான் பாட்டு. வெளியே ஒரே ஒரு பாட்டு, திறந்தவெளி பீர் கடையில் ஒரு நாஜி இளைஞன் பாடுவது. அந்த ஒன்று வெளியே வந்ததால்தான் அதைக் கேட்கும்போது முதுகு சில்லிடுகிறது.

கேள்வி: அங்கேயும் பின்னணிப் பாடகர்கள் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அந்தக் காலத்தில் நம் ஊர் மாதிரி பெயர் போட மாட்டார்கள். 1961-ல் மரியாவாக நடித்த நடாலி உட் தன் குரலிலேயே பதிவு செய்து, அதற்கே வாயசைத்து நடித்தார். பிற்பாடு அந்தக் குரலை எடுத்துவிட்டு மார்னி நிக்சனைப் பாடவைத்தார்கள். அதாவது உதடு ஏற்கெனவே அசைந்து முடிந்துவிட்டது. அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு மூச்சையும் நிக்சன் பொருத்திப் பாடவேண்டியிருந்தது. நம் பின்னணிப் பாடலுக்கு நேர் தலைகீழ். அத்தனை உழைப்புக்கும் டைட்டிலில் அவர் பெயர் இல்லை. இசையமைத்த பெர்ன்ஸ்டீன் தன் ராயல்டியிலிருந்து ஒரு சிறு பங்கை அவருக்குக் கொடுத்தார். 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்குக் குரல் கொடுத்ததும் இதே நிக்சன்தான். எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறாது.

கேள்வி: மேடையில் பெயர் வாங்கிய நடிகரையே படத்திலும் போட்டால் என்ன?

பதில்: சில சமயம் போடாதது தவறு, சில சமயம் போட்டது தவறு. 'மை ஃபேர் லேடி' மேடையில் ஜூலி ஆண்ட்ரூஸ் கொடிகட்டிப் பறந்தார், 1964 படத்தில் அவர் இல்லை. 'டியர் எவன் ஹேன்சன்' 2021-ல் படமானபோது மேடை நாயகன் பென் பிளாட்டே நடித்தார். இருபதுகளின் பிற்பகுதியில் இருந்தவர் பள்ளி மாணவனாக நெருக்கத்தில் தெரிந்தபோது பார்வையாளர்கள் ஒப்பவில்லை. பால்கனி இருக்கைக்கு வயது தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.

கேள்வி: 'லே மிசராப்ல' படத்தில் நேரடியாகப் பாடினார்களாமே?

பதில்: ஆமாம், 2012-ல். நடிகர்கள் காதில் சிறு கருவி, அதில் பியானோ மட்டும் கேட்கும். வாசிப்பவர் நடிகரின் வேகத்துக்குப் பின்னால் போவார். ஆர்க்கெஸ்ட்ராவைப் பிறகு சேர்த்தார்கள். ஆன் ஹாத்வே அழுகையில் ஒரு சொல்லை விழுங்கினால் இசை காத்திருக்கும். முன்பே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைத்தால் அது முடியாது. அவர் பாடும் 'ஐ ட்ரீம்ட் எ ட்ரீம்' மேடையில் வேலை போனவுடன் வரும். படத்தில் கூந்தல், பல், உடல் எல்லாவற்றையும் விற்ற பிறகு வருகிறது. அந்த மாற்றத்துக்கு நான் கைதட்டுவேன்.

கேள்வி: தமிழில் இப்படி நடந்திருக்கிறதா?

பதில்: தமிழ்ப் பேசும்படம் வளர்ந்ததே இப்படித்தான். 1934-ல் வந்த 'பவளக்கொடி' மேடையில் புகழ்பெற்ற நாடகம். மேடையில் அதைப் பாடி நடித்த தியாகராஜ பாகவதரையும் எஸ்.டி. சுப்புலட்சுமியையும் கே. சுப்ரமணியம் திரைக்குக் கொண்டுவந்தார். பின்னணிப் பாடல் வராத காலம், கேமரா முன்னால் பாடிக்கொண்டேதான் நடித்தார்கள்.

கேள்வி: பாட்டு முடிந்ததும் படத்தில் ஒரு வெறுமை தெரிகிறதே, ஏன்?

பதில்: அந்த இடம் கைதட்டலுக்காக விட்டது. மேடைப் பாட்டின் கடைசி ஸ்வரம் உச்சத்தில் நிற்கும், டிரம்மில் ஓர் அடி, தூக்கிய கையோடு நடிகர் காத்திருப்பார். 'ஒன்ஸ் மோர்' கேட்ட நம் சபாக்களில் அந்த இடத்தின் மதிப்பு தெரியும். திரையில் அதே ஐந்து விநாடி காலியாகக் கிடக்கும். நல்ல எடிட்டர் கடைசி ஸ்வரம் அடங்குமுன்பே அடுத்த காட்சியின் சத்தத்தை உள்ளே விடுவார்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் போட்ட ஒன்றரை மணி நேர இசை நாடகத்தைப் படமாக எடுக்க ஆசை. எதில் தொடங்குவது சார்?

பதில்: கேமராவை இப்போதே எடுக்காதீர்கள் தம்பி. ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: பாட்டு முடியும்போது யாருக்கு என்ன மாறியிருக்கிறது? எதுவும் மாறவில்லை என்றால், பின்னால் செட் மாற்ற நேரம் வேண்டுமென்று சேர்த்த பாட்டாக இருக்கலாம். படத்துக்கு அது தேவையில்லை, எடுத்துவிடுங்கள்.

அடுத்து, யார் பாடுவது என்று திரும்ப யோசியுங்கள். 'சம்வேர்' பாட்டை மேடையில் முகம் தெரியாத ஒரு குரல் பாடியது. 1961-ல் காதலர்கள் பாடினார்கள். 2021-ல் கடை நடத்தும் வயதான விதவை தனியாக உட்கார்ந்து பாடுகிறாள். பாடுவது ரீட்டா மொரேனோ, 1961 படத்தில் பெர்னார்டோவின் காதலி அனிதாவாக ஆடியவர். ஒரு மெட்டும் மாறவில்லை, அர்த்தம் முழுக்க மாறிவிட்டது.

கடைசியாக, பாட்டைக் கேட்பவர். மேடையில் அவர் இருட்டில் சும்மா நிற்கலாம். படத்தில் அவர் முகத்தைக் காட்டியாக வேண்டும். உங்கள் நாயகி பாடும்போது எதிரே நிற்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பாட்டுவாரியாக எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.