விமான மருத்துவம் என்று ஒரு தனித்துறை தேவைதானா?

விமானிகளுக்கு உடற்தகுதிச் சான்று எழுதிக் கொடுப்பதைத் தவிர இத்துறையில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தத் துறையில் சேரலாம் என்று யோசிக்கும் மருத்துவ மாணவராக நீங்கள் இருக்கக்கூடும். இதே கேள்வியைச் சக மருத்துவர்களிடமிருந்து கேட்டுச் சலித்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தில் தாழ் அழுத்த அறைக்குள் விமானிகளுடன் கண்காணிப்பாளனாக அமர்ந்ததுண்டு. அறையின் அழுத்தத்தை 25,000 அடி உயரத்துக்குரிய அளவுக்குக் குறைத்து, ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றச் செய்து, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுதச் சொல்வார்கள். நல்ல உடற்கட்டும் நீண்ட அனுபவமும் உடைய ஒருவர், உதடும் நகமும் நீலம் பாரித்த பின்னும் சிரித்தபடி எழுதிக்கொண்டிருந்தார். முகமூடியை மாட்டச் சொன்னபோது தலையை அசைத்தாரே தவிர, முகமூடியை எடுக்கக் கையை நீட்டவில்லை, நான்தான் மாட்டிவிட்டேன். சில நொடிகளில் தெளிந்தவர் தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வாதிட்டார்; ஒரே எண் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்த தாளைக் காட்டிய பிறகே அடங்கினார்.

1875இல் பிரான்சில் ‘ஜெனித்’ பலூனில் 8,000 மீட்டருக்கும் மேலே சென்ற மூவருக்கு நேர்ந்ததும் இதுவே: ஆக்சிஜன் குறைந்து மூளை மங்குவதை அவர்களே உணரவில்லை. ஆக்சிஜன் பைகள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் இருவர் இறந்தனர். உயிர் பிழைத்த திசாந்தியே, மேலே வேதனைக்கு மாறாக மகிழ்ச்சியையே உணர்ந்ததாக எழுதினார். அவர்களுக்கு ஆலோசனை வழங்கிய உடலியல் அறிஞர் பால் பெர் 1878இல் வெளியிட்ட ஆய்வுநூலிலிருந்தே இத்துறையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம்.

விமான அறைக்குள் அழுத்தம் காக்கப்படும் காலத்தில் இதெல்லாம் பழங்கதை என்று பொறியாளர்கள் மறுக்கக்கூடும். அவர்களின் சாதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த அழுத்தமும் தரைமட்டத்து அழுத்தம் அன்று. ஏறத்தாழ 8,000 அடி உயரம் வரைக்குரிய அழுத்தமாக இருக்கலாம். 35,000 அடியில் அதுவும் திடீரென இழக்கப்பட்டால், பயனுள்ள சுயநினைவு, அதாவது தாமே முகமூடியை மாட்டிக்கொள்ளும் அளவுக்கான தெளிவு, ஒரு நிமிடம்கூட நீடிக்காது. பிறருக்கு உதவுமுன் உங்கள் முகமூடியை அணியுங்கள் என்று பணிப்பெண் சொல்வது இதனால்தான்.

சான்றெழுதுவதையும் இளக்காரமாக எண்ண வேண்டாம். ‘வெறும் சளிதானே, கையெழுத்துப் போடுங்கள்’ என்று நச்சரிப்போரிடம் நான் பட்ட பாடு கொஞ்சமன்று. மூக்கடைப்புடன் விமானம் இறங்கும்போது நடுச்செவியின் அழுத்தம் சமன்படாமல் செவிப்பறை கிழியக்கூடும். தரையிறங்கும் நேரத்தில் அந்த வலியில் துடிப்பவர் விமானியாக இருந்தால் என்னவாகும் என்று கேட்டால், என்னைப் பிடிவாதக்காரன் என்கிறார்கள்.